நாலு வரி இடம்

கீழ்பென்னாத்தூர் மணிமொழி கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. பி.எஸ்சி., மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துல அவ கம்ப்யூட்டரைத் தொட்டது மூணே தடவை. மூணும் ஆயுத பூஜை அன்னிக்கு, சந்தனப் பொட்டு வைக்க.

சிரிக்காதீங்க. அவ படிச்ச திருவண்ணாமலைக் காலேஜ்ல (பேரு வேணாம், விடுங்க) லேபுக்குள்ள போகணும்னா செருப்பைக் கழட்டணும். உள்ளே பன்னெண்டு கம்ப்யூட்டர் மஞ்சத் துணி போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கும். "கை பட்டா கெட்டுடும்"னு துறைத்தலைவர் தருமன் சார் சாவியை பெல்ட்டுல மாட்டிக்கிட்டுத் திரிவார். பிள்ளைங்க ரெக்கார்டு நோட்டுல கீபோர்டை ஸ்கேல் வச்சு வரையணும். மணிமொழி வரைஞ்சதுக்குப் பத்துக்குப் பத்து! கடலை விளைவிக்கிற அப்பா ஊர்ல "எம்பொண்ணு கம்ப்யூட்டரு"னு பீத்திக்கிறப்ப அவளுக்கு உடம்பு கூசும். இந்த லட்சணத்துல எவன் வேலை குடுப்பான்னு பயம் வேற.

அவ படிச்சுக்கிட்டிருந்தப்பவே, 2003ல, காலேஜுக்குத் தன்னாட்சி கிடைச்சுது. பாடத்திட்டத்தை இனி நாமளே போட்டுக்கலாம். ஆனா மேலிடத்துல ஒரு நிபந்தனை: எதிர்காலத்துக்கான பாடத்திட்டமா இருக்கணும், மாணவர் ஒருத்தரைப் பங்குதாரரா வச்சுக்கிட்டுதான் போடணும். தருமன் சார் வாய் திறக்காத பிள்ளையாத் தேடினார். மணிமொழி வகுப்புல ஒரு நாளும் சந்தேகம் கேட்டதில்லை. அடிச்சுது யோகம்.

"சும்மா வந்து உட்காரும்மா, போதும்"னார்.

பைத்தியக்காரப் பொண்ணு, பங்குதாரர்னா நிஜம்னு நம்பிடுச்சு. வகுப்புல அத்தனை பேரையும் கேட்டா. கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்கால்ல ஆபீஸ் ஆபீஸா ஏறி, என்ன தெரிஞ்சா வேலை கிடைக்கும்னு விசாரிச்சா. நாலு பக்கம் எழுதினா. விஷயம் ஒண்ணுதான்: துணியை எடுங்க, எங்களைத் தொட விடுங்க.

கூட்டம் பௌர்ணமி அன்னிக்கு. ஏன்னு கேளுங்க. சென்னையிலிருந்து வர்ற நிபுணர்கள் மூணு பேரும் அப்படியே கிரிவலத்தையும் முடிச்சுக்கலாமே! பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டதால பங்குதாரர் மட்டும் வெயில்ல நடந்து வந்தா.

மிக்சர், டீ, போட்டோ எல்லாம் ஆச்சு. மினிட்ஸ் முந்தின நாளே எழுதி முடிச்சாச்சு. மணிமொழி தாளை விரிச்சுக்கிட்டு எழுந்தா.

"சார், நான் ஒண்ணு..."

"உட்காரும்மா. உன் கருத்தைப் போட்டாச்சு. முதல்ல நீ கையெழுத்துப் போடு, பெரியவங்க அப்புறம் போடுவாங்க."

பார்த்தா, 'மாணவப் பங்குதாரரின் கருத்து: முழு மனதுடன் ஒப்புதல்.' அதுக்குக் கீழே நாலு வரி காலி. அப்புறம் கையெழுத்துக்கு இடம்.

அவ பேனாவைத் திறந்தா. அந்த நாலு வரியில எழுதினா: 'ஒவ்வொரு மாணவரும் வாரம் நாலு மணி நேரம் தனியாக ஒரு கணினியில் வேலை செய்ய வேண்டும். இது தனித் தாள். இதில் தேறாதவருக்குப் பட்டம் இல்லை.' கையெழுத்துப் போட்டுட்டு நோட்டை நகர்த்தினா. நிபுணர்கள் ஒரு கண்ணைக் கடிகாரத்துலயும் ஒரு கண்ணை மலை மேலயும் வச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. தருமன் சாரும் போட்டார். படிக்கிற பழக்கம் அங்க எவருக்கு இருந்துது?

பாடத்திட்டப் புத்தகம் அச்சாகி வந்தப்பதான் சார் அந்த வரிகளைப் பார்த்தார். ஆனா போட்ட கையெழுத்து அவரோடது, மேலிடத்து ஆய்வுக்குழு வேற வரப்போகுது. மஞ்சத் துணி எல்லாம் சலவைக்குப் போச்சு.

அட, சந்தோஷப்படாதீங்க. புதுப் பாடத்திட்டம் அடுத்து சேர்ற பிள்ளைங்களுக்குத்தான். மணிமொழி வகுப்புக்குப் பழசேதான். உள்ளே ஜூனியருங்க டக்கு டக்குனு தட்ட, அவ பக்கத்து அறையில உட்கார்ந்து கீபோர்டு வரைஞ்சா.

2006ல அதே லேபுக்கு உதவியாளர் வேணும்னாங்க. போனா. தருமன் சார் மார்க் ஷீட்டைப் புரட்டினார்.

"செய்முறைத் தாள் இதுல இல்லையேம்மா. அது பாஸ் பண்ணவங்களைத்தான் எடுக்கிறோம்."

"அந்தத் தாளை எழுதி வச்சதே நான்தான் சார்."

"எழுதினே. படிக்கலையே."

பொய் சொல்வானேன், வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் அழுதா. அப்புறம் வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் எதிர்ல ஒரு டைப்பிங் கடையில சேர்ந்தா. காலேஜ் மூணு வருஷத்துல தராததை மூணு வாரத்துல கத்துக்கிட்டா.

அடுத்த வருஷம் கடைக்கு யார் வந்து நின்னாங்கன்னு நினைக்கிறீங்க? தருமன் சாரேதான். கையில அடுத்த கூட்டத்து மினிட்ஸ். கூட்டம் நாளைக்கு, முடிவெல்லாம் இன்னிக்கே ரெடி.

"இங்கயா இருக்கே? நல்லது. நெருக்கமா அடிம்மா, நடுவுல இடம் விட்டுடாதே."

"சரிங்க சார்."

'மாணவப் பங்குதாரரின் கருத்து: முழு மனதுடன் ஒப்புதல்'னு அடிச்சா. அதுக்குக் கீழே நாலு வரி இடம் விட்டா. கொஞ்சம் யோசிச்சு, இன்னும் நாலு வரி விட்டா. சார் தாளை வாங்கி, படிக்காமலே பையில வச்சுக்கிட்டுப் போனார்.