தர்சினி நிறுத்திப் பார்த்தவை

ஓர்லிகோனில் ரயில் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது தர்சினியின் கணவர் அழைத்தார். "அங்கிள், தர்சினி விடியப்புறம் எங்களை விட்டுப் போயிட்டா," என்றார். நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

தர்சினியை அறிந்த உங்களில் பலருக்கு எங்கள் வேலை தெரிந்திராது. முதியோர் இல்லங்கள் சிலவற்றை நடத்தும் நிறுவனத்தில் கணினிப் பிரிவு என்றால் நாங்கள் இருவர்தான். இங்கேயே பிறந்து படித்த தர்சினி பொறுப்பாளர். ஓய்வு வயதைத் தாண்டியும் அரைநாள் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்த நான் அவருக்குக் கீழே. இல்லங்களில் இருப்பவர்களின் மருந்து, உணவு எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. எங்கள் நிரல்கள் அதனுடன் பேசப் பயன்படுத்திய இணைப்புத் தொழில்நுட்பத்தைக் கைவிடப்போவதாக, அதைத் தயாரித்தவர்கள் தேதி குறித்து அறிவித்தார்கள்.

இயக்குநர் அறிவிப்பை வாசித்துவிட்டு, இப்போது வேலை செய்கிறதுதானே என்று கேட்டார். வெளியே வந்ததும் தர்சினி சொன்னார்: "அது 'போறன்' எண்டு சொல்லுது, அங்கிள். இவைக்கு 'போட்டு வாறன்' எண்டு கேக்குது." நான் சிரித்தேன். வாசலில் நின்று யாரும் 'போறன்' என்று சொல்லக்கூடாது என்று வளர்ந்தவன் நான். எனக்கும் அப்படித்தான் கேட்டிருந்தது.

எந்த நிரலெல்லாம் பழைய இணைப்பில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மாற்றிவந்தேன். முறையாகத்தான் செய்தேன். ஆனாலும் எதையோ விட்டிருப்பேன் என்ற பயம் போகவில்லை. தர்சினிக்கு வேறொரு வழி இருந்தது. தாதியர் எல்லோரும் கடமையில் இருக்கும் பகல் வேளையில், மருந்துப் பட்டியல்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, பழைய இணைப்பைச் சிறிது நேரம் நாங்களே நிறுத்தி, எது நின்றுபோகிறது என்று பார்ப்பது. "ஆர் கத்தினம் எண்டு பாப்பம்," என்பார்.

முதலில் துன் நகரிலுள்ள இல்லத்தில் நிறுத்தினோம். தாதியர் கத்தவில்லை. கத்தியது சமையல் நடக்கும் குசினி. அங்கே வேலை செய்யும் ரவியண்ணை அழைத்தார். "தங்கச்சி, சீனி வருத்தக்காரற்றை லிஸ்ட் வெறுமையா வந்திருக்கு. இண்டைக்கு எல்லாருக்கும் புடிங் குடுக்கட்டோ?" தர்சினி சிரித்துக்கொண்டே இணைப்பை மீட்டார். போனை வைத்தபோது முகம் வெளிறியிருந்தது. குசினிக்கென்று ஒரு நிரல் இருந்ததே எங்கள் இருவருக்கும் தெரியாது. அறிவித்த தேதியில் அது தானாக நின்று, அன்று ரவியண்ணை விடுமுறையில் இருந்திருந்தால், புதிதாக வந்த ஒருவர் அந்த வெற்றுத்தாளை நம்பியிருப்பார்.

தர்சினி நோய் வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் சொன்னார்: "நாளைக்கு நான் போன் எடுக்கமாட்டன். ஆர் கத்தினம் எண்டு நீங்கள் பாருங்கோ." மறுநாள் எந்த இல்லத்திலிருந்தும் அழைப்பில்லை. நான்தான் அவரை அழைத்தேன். மதியத்துக்குள் பல தடவை, அற்பக் காரணங்களுக்காக. அவர் எடுக்கவில்லை. பின்னேரம் அவரே அழைத்தார். "அப்ப நீங்கள்தான் அந்தக் குசினி," என்றார். சிரிக்க முயன்றார், இருமல் வந்தது.

அவர் போன பின்னும் பழைய இணைப்பு நிற்கும் அந்தத் தேதி நகரவில்லை. அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவுமில்லை. மற்ற இல்லங்களை அவர் இருக்கும்போதே முடித்துவிட்டோம். மிஞ்சியிருப்பது ஊஸ்டர் இல்லம், எல்லாவற்றிலும் பெரியது. நாளை பிற்பகல் அங்கே போய் நான் தனியாக நிறுத்த வேண்டும். யாராவது கத்தினால் பயம். ஒருவரும் கத்தாவிட்டால் அதைவிடப் பயம். கத்த முடியாதவர்கள்தான் அங்கே மேல்மாடியில் படுத்திருக்கிறார்கள்.

இணைப்பை நிறுத்தியதும் தர்சினி கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். போன் அடித்தவுடன் எதையும் மீட்கமாட்டார். அழைத்தவர் சொல்வதை முடியும்வரை கேட்பார், பிறகுதான் தொடுவார். எனக்கு அந்தப் பொறுமை இயல்பில் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றைத்தான். நாளைக்குக் கைகளை மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல்மாடித் தாதியின் போனுக்காகக் காத்திருப்பேன். அது வராவிட்டால் படியேறிப் போய்க் கேட்பேன்.