புத்தகத்தில் இல்லாத விமானம்

உலகப் போர் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, போர்க்கால விமானத் தளத்தில் வேலை பார்த்தவர்கள் அதற்காக நிலம் கேட்டுப் போட்ட மனுக்களைத் திண்டிவனத்தில் நான் சரிபார்த்துவந்தேன். விக்கிரவாண்டியிலிருந்து முன்பல் ஒடிந்த ஒருவர் வந்தார். நாற்காலியைக் காட்டினாலும் உட்காரமாட்டார். நான் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டே நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் இருந்த ஒரே ஆதாரம், ஒரு விமானத்தின் அருகே அவர் நிற்கும் புகைப்படம். விமானத்தின் பெயரைக் குறிக்காமல் மனு நகராது என்பது விதி. அலுவலகத்தில் இருந்த போர் விமானப் படப் புத்தகத்தை மூன்று நாள் புரட்டினேன். அந்த மூக்கும் வாலும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

“இது என்ன பிளேனுய்யா?”

“பிளேனே இல்ல சார். மூங்கிலு, கோணி, தாரு. எதிரி ஏமாந்து இதுமேல குண்டு போடட்டும்னு எங்களக் கட்டச் சொன்னாங்க. பக்கத்துலயே நிக்கவும் வச்சாங்க.”

“பொய்ப் பிளேனுக்கு நிலம் கிடையாது. புக்குல ஏதாச்சும் ஒரு படத்தைக் காட்டி, இதுதான்னு சொல்லு. எழுதிக்கினு அனுப்பிடறேன்.”

“பிளேன்தான் பொய்யி. நின்ன ஆளு நெசம். அத எழுதுய்யா!”

அதற்குப் படிவத்தில் இடமில்லை. சிவப்பு மையில் எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தேன். அதையும் தலைகீழாகவே படித்துவிட்டு, புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு பொய் சொன்னால் நிலம் கிடைக்கும் என்று தெரிந்தும் சொல்லாமல் போன அந்தத் திமிரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. விதிப்படி நான் செய்தது சரி என்பதையும், அன்றுமுதல் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.