கட்டியின் அளவு மாறவில்லை

"அசையாதீங்க. மூச்ச மட்டும் விடுங்க" என்று ஒலிபெருக்கியில் டெக்னீஷியன் சொன்னான். கத்திரி குப்புறப் படுத்திருந்தாள். பலகையின் இரண்டு குழிகளுக்குள் மார்புகள் இறங்கியிருந்தன. ஸ்கேன் இயந்திரம் தட்டத் தொடங்கியது.

பள்ளிச் சீருடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள் அவள். அவள் வெட்டிய அடுக்கில் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நூலிழை வித்தியாசம் இருக்காது. கத்திரி என்பது தையல்காரிகள் வைத்த பெயர். வாய்க்கும் பொருந்தியது. ஒரு வருடத்தில் முடிந்துபோன கல்யாணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அளவு சரியில்ல, பிரிச்சிட்டோம்" என்பாள். அதன் பிறகு தங்கை வீட்டில்தான் இருக்கிறாள்.

இடது மார்பில் கட்டி. அறுவைக்கு முன் மருந்து ஏற்றிச் சுருக்கப் பார்த்தார்கள். மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. தொடர்ந்தால் உணர்வு முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். மருந்து கேட்கிறதென்றால் தாங்கிக்கொள்ளலாம், கேட்கவில்லையென்றால் கையை எதற்கு விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமான ஸ்கேனோடு ஆராய்ச்சிக்காகச் சோடியம் ஸ்கேனும் எடுத்தார்கள். புற்றுக் கட்டியில் உப்பின் சோடியம் கூடுதலாகத் தேங்குமாம். மருந்து வேலை செய்தால், கட்டி சுருங்குவதற்கு முன்பே அது குறையுமா என்று பார்க்கிறார்கள். முதல் மருந்துக்கு முன் ஒருமுறை எடுத்தது. இது இரண்டாவது.

இதை வீட்டில் சொன்னதுதான் தப்பு. தங்கை சமையலில் உப்பை நிறுத்திவிட்டாள்.

"நோய் உங்கக்காவுக்கு. எனக்கு எதுக்குடி தண்டனை?" என்று கேட்டான் அவள் புருஷன்.

"உங்களுக்கு ரோஷம் வேணும்னா தனியா போட்டுக்குங்க."

ஸ்கேன் முடிந்து டாக்டர் அறையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள்.

"அளவு அப்படியேதான் இருக்கு. சோடியம் மட்டும் நல்லா கொறஞ்சிருக்கு" என்றார் டாக்டர்.

"அது நான் உப்ப நிறுத்தினதால" என்றாள் தங்கை.

கத்திரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அடிப்பாவி. அப்ப மருந்து ஒண்ணும் பண்ணலியா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சாப்பாட்டாலன்னா ரெண்டு பக்கமும் கொறையணும். வலது பக்கம் மாறவே இல்ல. கட்டியில மட்டுந்தான் கொறஞ்சிருக்கு. நீங்க முதல்ல உப்பு போட்டுச் சமைங்கம்மா, மயக்கம் வந்து விழப்போறாங்க."

"அப்ப மருந்து கேக்குது" என்றாள் கத்திரி.

"கேக்கலாம். இத மட்டும் வெச்சு நான் உறுதியா சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. மருந்தத் தொடரலாம், இப்பவே ஆபரேஷனுக்கும் போகலாம். ரெண்டும் தப்பில்ல."

கத்திரி கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.

"ஏத்துங்க" என்றாள்.

"கை என்னக்கா ஆகும்?"

"சும்மா இருடி."

மறுநாள் காலை மருந்து ஏற்றினார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கினாள். மதியம் ஏற்றி முடிந்தது. கத்திரி தொழிற்சாலைக்கு போன் செய்து, வெட்டும் மேசையிலிருந்து தன்னை மாற்றிவிடச் சொன்னாள். பெட்டியில் அடுக்கும் பகுதியில் இடம் இருப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார். சாயங்காலம் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு தூங்கினாள்.