கைப்பிடி அரிசியும் ஓர் எலிப்பொறியும்

அரிசி டின்னைத் திறந்து, அரிசியைச் சமமாகத் தட்டி, மேலே விரலால் ஒரு கோடு கிழித்து மூடுவது என் பழக்கம். யாராவது எடுத்தால் கோடு கலைந்துவிடும். "மாமா, என்னை விட்டா இந்த வீட்ல வேற யாரு எடுப்பா?" என்று மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்பது வயதில் ஜோகுபாளையத்தில் தொற்றிக்கொண்டது, இனி எங்கே போகும்?

பக்கத்துப் பட்டாளக் குடியிருப்பான தண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இருந்த காலம் அது. எங்கள் கிறிஸ்தவ சபையில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமைதோறும் அத்தை சாக்கோடு போய் அதை வாங்கி வருவாள். அத்தை அப்பாவின் அக்கா. கணவனை இழந்தபின் எங்களோடு இருந்தாள். வீடுகளை எண்ணுவதற்காக நானும் போவேன். முப்பத்திரண்டு வீடு. ஒன்று விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது.

பச்சரிசி, புழுங்கல், நொய் எல்லாம் கலந்துபோன அந்த மூட்டை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். ஒன்றாக வேகாத அரிசியைச் சமைக்க யார் வாங்குவார்கள்? சபையை நிர்வகித்த மூப்பர்தான் எடுப்பார். துரைமார்களின் கிறிஸ்துமஸ் விருந்துக்காக அவர் வான்கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். ஏலப் பணம் ஏழைகள் நிதிக்குப் போகும். ஆண்டவருடைய அரிசியை வான்கோழி தின்பதில் சபையில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை. மூப்பர் நூல் மில்லில் ஹெட் கிளார்க். அப்பா அவருக்குக் கீழே குமாஸ்தா. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் மில்லில் கூலியைக் குறைத்தார்கள். ஆட்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். நிர்வாகம் ஆபீசை மட்டும் நடத்திக்கொண்டு மில் கேட்டைப் பூட்டிவிட்டது. மில் ஆட்கள் குடியிருந்த ஏரிக்கரைக் குடிசைகளில் சில வாரங்களில் அடுப்புப் புகை நின்றுபோனது. ஏழைகள் நிதியைக் கேட்டு வந்தவர்களிடம், முதலில் வேலைக்குத் திரும்புங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் மூப்பர்.

அந்தச் சனிக்கிழமை அத்தை சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, கோயில் அந்தாண்ட."

"தெரியும். வாடா."

குடிசைகளுக்கு நடுவே மூன்று கல் வைத்து, பக்கத்துத் துலுக்கவீட்டு அம்மா கொடுத்த அண்டாவை ஏற்றினாள். இத்தனை ரக அரிசியும் எப்படி ஒன்றாக வேகும் என்று கேட்டேன். "கஞ்சிக்கு எல்லா அரிசியும் ஒண்ணுதான்" என்றாள். கஞ்சிக்கு வந்தவர்களில் ஒருத்தி மட்டும் குழந்தையோடு தள்ளியே நின்றாள்.

"நாங்க உங்க கோயிலு இல்லீங்களே அக்கா."

"அரிசிக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கல. உக்காரு."

மறுநாள் ஆராதனை முடிந்து கோயில் முற்றத்தில் ஏலத்துக்குக் கூடினார்கள். மூட்டை இல்லை.

"சாக்கு எங்கம்மா?" என்றார் மூப்பர்.

"ஆண்டவர்கிட்ட சேர்த்துட்டேங்க."

"கிண்டலா? கோயில் சொத்தை எடுத்துக் கலகக்காரங்களுக்குப் போட்டிருக்கே!"

"வேதத்துல, பசி வந்தப்போ தாவீது கோயில் அப்பத்தையே எடுத்துத் தின்னாரு. எந்த மூப்பரும் கையைப் பிடிக்கல."

"நீ என்ன தாவீதா?"

"நான் இல்லீங்க. ஆனா பசி அதே பசிதான். உங்க வான்கோழிக்குத்தான் அது தெரியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மூப்பரின் காது சிவந்தது. சபை முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை இவளுக்கு இராப்போஜனம் கிடையாது என்றார். ஆராதனை நடத்திய பாதிரி ஐயர் தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் அந்தப் பந்தியை ஒரு தடவைகூடத் தவறவிடாதவள் அத்தை. இராப்போஜன நாளில் காலை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

அப்பா கைகளைப் பிசைந்தார். "அக்கா, என்னாத்துக்கு இந்தப் பேஜாரு? ஒரு வார்த்தை கேட்டுடேன். என் வேலைய நெனச்சுப் பாரு."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு மூப்பரிடம் திரும்பினாள். "பந்தி ஏரிக்கரையில நடக்குதுங்க. நான் அங்க போய்க்கிறேன்."

கடைசிவரை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. இராப்போஜன ஞாயிறுகளில் எழுந்து வெளியே போகவும் இல்லை. முன்வரிசை நடுவில் கால்களை ஊன்றி உட்கார்ந்திருப்பாள். பீடத்துக்குப் போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சாக்கு மூப்பரின் மனைவி கைக்குப் போனது. வீடுகள் தெரிந்தவன் என்று என்னையே கூட அனுப்பினார்கள். முப்பத்திரண்டு வீடும் எண்ணி முடித்தோம். சாக்கில் கால்வாசிகூட இல்லை. எல்லாப் பானையிலும் அடியில்தான் அரிசி. "இந்த வாரம் ஒரு வேளைதாங்க உலை வெச்சோம்" என்றார்கள், மூன்று வேளையும் புகை வந்த வீட்டுப் பெண்கள். அத்தையோடு பேசக் கூடாது என்று அப்பா தனக்கு உத்தரவு போட்டிருந்ததால் அவளிடம் வாயே திறக்காமலிருந்த என் அம்மாவும் பானையைக் கவிழ்த்துக் காட்டி, "இவ்ளோதாங்க" என்றாள். ஆண்டவரையே ஏமாற்றுகிறார்களே என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏரிக்கரை அண்டாவோ தினமும் கொதித்தது. அரிசி ஏது என்று அத்தையைக் கேட்டேன். "வேதத்துல எலியா தீர்க்கதரிசிக்குக் காக்கா அப்பம் கொண்டாந்து குடுக்கல? அந்த மாதிரிதான்" என்றாள். நான் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். காக்கை இருந்தது. அதன் வாயில் ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் எங்கள் வீட்டு அரிசி டின்னும் இறங்கிக்கொண்டே போனது. அப்போதுதான் முதன்முதலாகக் கோடு கிழித்தேன். தினமும் கலைந்திருந்தது. எலிதான் என்று முடிவுசெய்து, பக்கத்து வீட்டில் பொறி வாங்கிவந்து, தேங்காய்ச் சில்லைக் குத்தி, டின்னுக்கு முன்னால் வைத்தேன். விடிந்து பார்த்தால் கோடு கலைந்திருக்கும். தேங்காய் அப்படியே இருக்கும். இப்படியே ஒரு வாரம்.

அம்மாவிடம் முறையிட்டேன். அவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பெரிய எலியா இருக்கும்போல. பொறிய இன்னும் கொஞ்சம் தள்ளி வைடா. ராத்திரில கால்ல இடிக்குது" என்றாள்.

சுவரோரமாக, நன்றாகத் தள்ளி வைத்தேன்.