நான் டெஸ்ட் பண்ணின கத்தி

ஆறாம் வகுப்பு படிக்கும்போதே நான் ஒரு பல் லேபின் ஆயுதப் பரிசோதகர். சும்மா அடித்து விடவில்லை. லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில்தான் அத்தை லேப் வைத்திருந்தார். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அத்தை அதில் பிளாஸ்டர் ஊற்றிப் பல்வரிசையை மாடலாக எடுத்து, அதை வைத்துப் பல்செட் செய்வார். அச்சில் காற்றுக் குமிழி இருந்தால் மாடலில் அது குட்டி உருண்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். சின்ன கார்வரால் அதைச் சுரண்டி எடுப்பது லீவு நாளில் என் வேலை. பெரிய கத்தி ஓரம் சீவ மட்டும். அதைத் தொட்டால் தோலை உரித்துவிடுவதாக அத்தை வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கத்தி மழுங்கியதால், ஒருநாள் சாமான் விற்கிற அண்ணன் பையோடு வந்தார். ஊரில் பாதி கிளினிக்குக்கு அவர்தான் சரக்கு போடுவார். எந்த லேபின் பல்செட் வாயில் நிற்காமல் திரும்பி வந்தது என்கிற செய்தியும் சரக்கோடு இலவசமாக வரும். அத்தை அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார், பிறகு சரக்கைப் பாதி விலைக்குக் கேட்பார்.

அன்று ஐந்து கத்திகள். அத்தை பளபளப்பைப் பார்த்து வாங்குகிற ஆள் இல்லை. ஈரக்கையில் பிடி வழுக்கக்கூடாது, சீவினால் ஓரம் உதிரக்கூடாது. மூட்டையில் கிடந்த பழைய மாடல்களில் சீவிப் பார்க்கச் சொல்லி, இன்றைக்கு மட்டும் பெரிய கத்திக்கு அனுமதி கொடுத்துவிட்டு, காபி போடக் கீழே போனார்.

பழைய மாடல் காய்ந்து பாறையாகியிருந்தது. ஒரு கத்தியும் இறங்கவில்லை, என் கைதான் வலித்தது. மேஜையில் அப்போதுதான் அச்சிலிருந்து பிரித்த ஈர மாடல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு கத்தியாக அதில் வைத்தேன். கேக்கில் இறங்குவது போல இறங்கியது. ஐந்துமே அற்புதமான கத்திகள் என்று தெரிந்துபோயிற்று. அந்த வேகத்தில், முன்பக்கம் துருத்திக்கொண்டிருந்த ஒரு பெரிய குமிழியையும் ஒரே சீவில் எடுத்தேன்.

அண்ணன் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பாப்பா, அது பல்லு."

"குமிழிண்ணா."

"சொல்தா தாத்தாவோட தெத்துப்பல்லு அது. நேத்துதான் கிளினிக்ல நேர்லயே பாத்தேன்."

சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். மிச்சமிருந்த ஐந்து பல்லில் அந்தத் தெத்துப்பல்லைப் பிடித்துத்தான் புது செட் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாரிஸில் இருக்கும் மகனிடம் போகிறார். அச்சு எடுக்கும்போது அவர் டாக்டரின் ஷூ மேலேயே வாந்தி எடுத்தவர். அந்த அச்சும் மாடலைப் பிரிக்கும்போதே கிழிந்து குப்பைக்குப் போயிருந்தது.

அத்தை இரண்டு காபியோடு வந்தார். மாடலைப் பார்த்தார். லேபுக்கு வருகிற வேலையில் முக்கால்வாசி அந்த டாக்டர் கொடுப்பது. என் கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போன் போட்டார்.

"டாக்டர், சொல்தா ஐயா அச்சுல குமிழி உழுந்துருக்கு. ஆமாங்க, அந்தத் தெத்துப்பல்லு மேலயேதான். பல்லு எது குமிழி எதுன்னே தெரியல. இன்னொரு தபா எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா ஞாயித்துக்கெழமக்குள்ள முடிச்சிருவேன்."

டாக்டர் சாரி சொன்னது எனக்கே கேட்டது. அண்ணன், நான் சீவிய மாடலை மடியில் வைத்துக்கொண்டு, காபியை ஆற்றாமலே குடித்தார். அத்தை அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, கத்தி என்னா சொன்னீங்க?"

அவர் முதலில் சொன்ன விலையையே சொன்னார்.

"அஞ்சையும் வெச்சிட்டுப் போங்க."

"பாப்பாவே பாத்து ஓகே பண்ண சரக்காச்சே மேடம்," என்றார் அவர்.

சொல்தா தாத்தா மறுநாள் இன்னொரு வாந்தி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை புதுப் பல்லோடு விமானம் ஏறினார். எனக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும், எங்கள் லேபுக்குக் கத்தி தேர்ந்தெடுப்பதே நான்தான் என்று வகுப்பு முழுக்கச் சொன்னேன். அண்ணன் அதற்கப்புறம் மாதாமாதம் வந்தார். பையிலிருந்து எதை எடுத்தாலும் அத்தை பேரம் பேசாமல் வாங்கி, வஞ்சிரம் வறுவலோடு சோறும் போட்டு அனுப்பினார். ஒருவழியாக என் தீர்ப்பின் மேல் அத்தைக்கு நம்பிக்கை வந்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.