அண்டாவின் நசுங்கல்

எங்கள் வீட்டுச் செம்பு அண்டாவின் வயிற்றில், பிடிவளையத்துக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து என்று தெருவில் யார் இரவல் கேட்டு வந்தாலும் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள். எங்கேயோ விழுந்திருக்கும் என்று அவர்களாகவே சொல்லிக்கொள்வார்கள். நானும் தலையை ஆட்டிவிடுவேன். அது விழுந்து ஆனதல்ல. என் சித்தப்பா துடுப்பால் அடித்த அடி. அண்டாவுக்காக ஓங்கிய அடியும் அல்ல.

சித்தப்பா ராயபுரம் கரையில் கட்டுமரம் வைத்திருந்தார். பேச்சுக்கு முன்னால் கை நீளும் மனிதர். காய்ந்துகொண்டிருந்த வலையை மிதித்தான் என்பதற்காக ஒருவனின் மூக்கை உடைத்திருக்கிறார். உடைத்த கையோடு அவனைச் சாராயக் கடைக்கும் அழைத்துப் போயிருக்கிறார். என்னை மட்டும் அவர் தொட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என்னை 'குமாஸ்தா' என்று கேலி செய்வார்; அதே வாயால் கரையில், "எங்கண்ணன் மவன் இங்கிலீஷ்ல எய்துவான், தெரிஞ்சிக்கோ" என்று சண்டைக்குப் போகிற குரலில் சொல்வார்.

துறைமுக உத்தியோகத்திலிருந்த ஒரு துரை, தம் பங்களாக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைச் செய்துவைத்துக் கடல் மீன்களை உயிரோடு வளர்க்க ஆசைப்பட்டார். தண்ணீரைக் கவனிக்க எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேடியபோது அந்த வேலை எனக்குக் கிடைத்தது. தண்ணீர் கொண்டுவரச் சித்தப்பாவைச் சேர்த்துவிட்டேன். காலையும் மாலையும் உப்பின் அளவைக் காட்டும் கண்ணாடி மிதவையைத் தொட்டியில் விட்டு நோட்டில் குறிப்பேன். தினமும் கொஞ்சம் பழைய தண்ணீரை இறைத்துப் புதியதை ஊற்றுவேன். கப்பல்கள் எண்ணெயும் கரிச்சாம்பலும் கொட்டுகிற துறைமுகத் தண்ணீர் ஆகாது என்பது துரையின் கண்டிப்பு. அதனால் முதல் நாள் நானே கட்டுமரத்தில் கூடப் போனேன். அலை தாண்டி வெகுதூரம் போய்த்தான் சித்தப்பா பானைகளை முக்கினார். நான் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தேன். "போதும் குமாஸ்தா, கடலுக்கு நீ குட்த்தது. எய்ந்து குந்து" என்று சிரித்தார்.

அந்த மண் பானைகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பாசி படிந்து, கருவாட்டு வாடை அடித்தன. பங்களாவின் வழவழத் தரையில் அவற்றை இறக்கும்போது, சேவகர்களுக்குத் தலைவரான டபேதார் மூக்கைப் பிடித்துக்கொள்வார். எனக்கு உடம்பு கூசும். சுகாதாரப் பாடத்தை மனப்பாடம் செய்தவன் அல்லவா? அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவள் சீதனமாகக் கொண்டுவந்த அண்டாவைத் தூக்கிப் போய், பங்களாக் கொல்லையில் வைத்து, புளி போட்டு முகம் தெரிகிற மட்டும் தேய்த்தேன். கடல் தண்ணீரை ஒரு நாள் முழுக்க அதில் தெளியவிட்டு, பிறகு தொட்டியில் ஊற்றினேன். தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. மிதவையும் சரியான கோட்டில் நின்றது. நோட்டில் அன்றைய கணக்கை எழுதிக் கீழே அழகாகக் கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் இறால்கள் செத்தன. மறுநாள் மீன்களுக்கு வெறி பிடித்தது. கிளிமீன் ஒன்று கண்ணாடியில் மோதி மோதி வாய் கிழிந்து, மறுபடியும் மோதியது. செவுள்கள் விரிந்து சிவந்து துடித்தன. பயந்துபோய் அண்டாவிலிருந்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினேன். பொழுது சாய்வதற்குள் அத்தனையும் வயிறு மேலாக மிதந்தன.

சித்தப்பா துறைமுக வாயிலிலேயே மொண்டு ஏமாற்றிவிட்டார் என்று டபேதார் துரையிடம் சொல்லிவிட்டார். சேவகர்கள் அவரைக் கொல்லையில் நிறுத்தி வைத்துப் பிரம்பால் அடித்தார்கள். முதுகில் தோல் பிளந்து ரத்தம் இடுப்புத் துணிக்கு இறங்கியது. சித்தப்பா திருப்பி அடிக்கவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்த என்னைக் காட்டினார்.

"அவன கேளு. எங்கூட மரத்துல வந்தவன். டேய் குமாஸ்தா, தண்ணி எங்க மொண்டேன்? சொல்றா."

டபேதார் என் பக்கம் திரும்பினார். "இன்னாபா, நீ பாத்தியா?"

என் வேலை, என் நோட்டு, என் சட்டை எல்லாம் அந்த ஒரு கணத்தில் என் கண்முன் வந்து நின்றன. "நான் தெளிய வைத்துத்தான் ஊற்றினேன். மொண்ட இடம் எனக்குத் தெரியாது" என்றேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். பிறகு கரையிலிருந்து கொண்டுவந்து சுவரில் சாய்த்திருந்த தன் துடுப்பை எடுத்து என் தலையைக் குறிவைத்து வீசினார். நான் குனிந்தேன். அண்டா கோயில் மணி போல அலறியது. அதற்குள் இரண்டு சேவகர்கள் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறிக்கொண்டார்கள். டபேதார் பூட்ஸ் காலோடு அவருடைய வலது முழங்கையில் ஏறி நின்று மிதித்தார். விறகு முறிகிற சத்தம் கேட்டது. சித்தப்பா கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

அண்டாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. அம்மா நசுங்கலைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே பார்த்தாள். தண்ணீர் நின்ற மட்டத்தில் வளையமாகப் பச்சை பூத்திருந்தது.

"அய்ய, ஈயம் போன செம்புல உப்புத் தண்ணியா ஊத்தி வெச்ச? களிம்பு ஏறிடாது? ஒரு ஊறுகா கூட வெக்க மாட்டோமே இதுல. வெசம்டா."

எங்கள் தெருவில் அடுப்பு மூட்டுகிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். படித்த எனக்குத் தெரியவில்லை. உப்பை அளந்தேன், நோட்டில் எழுதினேன். என் கையாலேயே விஷத்தை வார்த்தேன்.

சித்தப்பா கையில் மூங்கில் பத்தை கட்டிக் குடிசையில் படுத்திருந்தார். காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அத்த அங்க சொல்லு. என்னாண்ட இன்னாத்துக்கு சொல்ற? நான் எங்க மொண்டேன்னு எனக்குத் தெரியாதா?"

பங்களாவுக்குப் போவதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. போனபோது தொட்டியில் மண் கொட்டிப் பூச்செடி வைத்திருந்தார்கள். துரை காது கொடுத்துக் கேட்டார், மீன் சமாசாரம் முடிந்துபோயிற்று என்று சொல்லிப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். வாசல் வரைக்கும் வந்த டபேதார், "அதுக்கு இன்னா இப்போ? சொன்னா கை ஒட்டிக்குமா?" என்றார். ஒட்டவில்லை. கோணலாகக் கூடிய அந்தக் கையால் துடுப்புப் போட முடியாது. கட்டுமரம் வேறு ஆளிடம் போயிற்று. அன்று முதல் சித்தப்பா எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நான் இப்போது ஒரு மர டிப்போவில் நிஜமாகவே குமாஸ்தா. அந்தப் பெயரால் அவர் என்னைக் கூப்பிடுவதில்லை.

போன மாதம் ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தார். அண்டாவைக் கொடுத்தோம். பூசி முடித்தவர், "நசுங்கல தட்டி எடுத்துடறேன்" என்று மரச் சுத்தியலைத் தூக்கினார். வாசற்படியில் கால் விரலில் நூலை மாட்டி, இடது கையால் வலை முடிந்துகொண்டிருந்த சித்தப்பா நிமிராமலே சொன்னார்: "அத்த உடு. அது என் கையி."

அண்டாவைக் கொல்லையில் பழையபடி கல்மேடையில் ஏற்றி வைத்தேன். அங்கே வைத்தால் நசுங்கல் சரியாக என் நெற்றிக்கு நேராக நிற்கிறது. காலையில் முகம் கழுவப் போகும்போதெல்லாம் அதன் எதிரே குனிகிறேன்.