தாய்மாமன் வீட்டுத் தட்டுகள்

என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு என்றதும் நான் முதலில் தேடியது பழைய பேப்பரைத்தான். தாய்மாமன் சீர் கொண்டுபோவது எங்கள் வீடு. மண்டபத்தில் எங்கள் தெருப் பெண்கள் தட்டில் இருக்கும் பொருளைவிடத் தட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பேப்பரைக் கிழித்து ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க வெந்தயம் சேர்த்து, மைதாப் பசையோடு பிசைந்தேன். ஆமை, சங்கு, கிளிமீன் என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வடிவம். வெந்தய நாற்றம் தாங்காமல் என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்குக் கவலையே இல்லை. அவ்வளவு அழகாக வந்திருந்தன.

சடங்கு மண்டபத்தில் எல்லோரும் தட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். யார் செய்தது என்று கேட்டபோது நாத்தனார் சிரித்துக்கொண்டே, "நாந்தேன். எம் மகளுக்குன்னா செய்ய மாட்டனா?" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆமைத் தட்டை நெஞ்சோடு அணைத்துப் போனில் வீடியோ வேறு எடுத்துப் போட்டாள்.

சபையில் சண்டை போட்டால் சீர் கொண்டுவந்தவளே சண்டைக்காரி என்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வயிறு எரிந்தது. செய்தது நான் என்று அவள் வாயாலேயே, அத்தனை பேர் முன்னால் சொல்ல வைக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் எனக்கு ஆறுதல் தராது.

வீடியோ தொண்டியில் இருக்கும் அவள் மாமியார் கண்ணில் பட்டது. அவள் கொழுந்தனாரின் நிச்சயதார்த்தத்துக்கு மருமகளே தட்டு செய்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் ஊரிலேயே இருக்கும் நாத்தனார் என்னிடம் ஓடி வந்தாள்.

"மதினி, யாருக்கும் தெரியாம நீங்களே செஞ்சு குடுத்துருங்க."

"எனக்கு எங்க தாயி வரும்? நீதான செஞ்ச, ஊரே பாத்துச்சே."

முகம் சுண்டிப்போனது. செய்முறையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். சொன்னேன். வெந்தயம் எவ்வளவு, பசை எவ்வளவு, எத்தனை பூச்சு என்று எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் போர்வெல் தண்ணீர் உப்பு. லாரியில் வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும் மட்டும்தான். அதைக் குப்பைப் பேப்பரில் ஊற்ற எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. ஆனால் உப்பு ஏறிய கூழ் உச்சி வெயிலில் கல் மாதிரி காயும். கடற்காற்று பட்டதும் மறுபடி நசநசக்கும். முன்பு உப்புத் தண்ணீரில் செய்த ஒரு பேப்பர்க் கூழ்ப் பானையைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது; சீர்த் தட்டுகளுக்கு நான் ஊற்றியது லாரித் தண்ணீர். மாடியில் காய்ந்த அவள் தட்டுகளைப் பார்த்து, "பிரமாதம்" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

நிச்சயதார்த்தம் தொண்டியில், சாயங்காலம். நான் முன்வரிசையில் இடம்பிடித்துக்கொண்டேன். காற்று கடல் பக்கமிருந்து திரும்பியதும் தட்டுகள் வேர்க்க ஆரம்பித்தன. நீலச் சாயம் வெற்றிலையில் ஒட்டியது. சங்கு குழைந்து, லட்டு உருண்டு கல்யாணப் பெண்ணுடைய அம்மாவின் மடியில் விழுந்து, பட்டுப் புடவையெல்லாம் நீலம். நான் சிரிக்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்னடி இது? சடங்குல அம்புட்டு நல்லா இருந்துச்சே?" என்று மாமியார் கத்தினாள்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். "மதினி, என்னன்னு பாருங்களேன்."

"செஞ்சவுகதான் சொல்லணும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

குழைந்த சங்குத் தட்டைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "அதெல்லாம் மதினி செஞ்சது அத்தே. இதுதான் நான் செஞ்சது."

மாமியார் என் பக்கம் திரும்பி, "நிசமாவா தாயி?" என்றாள். "ஆமா" என்றேன். எத்தனையோ நாளாக வயிற்றில் கிடந்த நெருப்பு அந்த ஒரு சொல்லில் அணைந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நாத்தனார் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க சொன்னபடிதான செஞ்சேன் மதினி. எங்க தப்பு நடந்துச்சு?"

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "வெயில் பத்தல தாயி. இன்னும் நல்லாக் காயப்போடு" என்றேன்.

இப்போதும் அவள் வீட்டு மாடியில் புதிதாக ஒரு தட்டு காய்ந்துகொண்டிருக்கிறது.